ஒரு ரிங்

மில் கேட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? பஸ் சூலூரை விட்டுக் கிளம்பியபோதே மனசு இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிவிட்டது, நான்தான் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆடி ஆடிப் போய்க்கொண்டிருக்கிறேன். பதினாலு மாதமாக இதே கேள்வி. குளிக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது, டிவியில் யாரோ யாரையோ அறையும்போது. என் மகன் யோகேந்திரன், எங்களுக்கு யோகு, இருபத்தைந்து வயது, தினமும் காலையில் இதே பஸ்ஸில் ஆபீஸுக்குப் போனவன், போன வருஷம் தை மாதத்தில் ஒரு புதன்கிழமை, ஆபீஸுக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே மில் கேட்டில் இறங்கினான். அங்கேயே விழுந்தான். ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பிறந்ததிலிருந்தே இதயத் தசையில் ஒரு தடிப்பு இருந்திருக்கும், வெளியே காட்டாது என்றார் டாக்டர். புரிந்ததா என்றால் புரிந்தது. ஆனால் ஏன் அங்கே இறங்கினான்? அதை எந்த டாக்டரிடம் கேட்பது? மில் மூடிப் பல வருஷம் ஆயிற்று. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டேன். "அங்க என்னக்கா இருக்கு, செவுருதான்" என்றார்கள். ஒரு சுவரைப் பார்க்கவா என் மகன் பஸ்ஸை விட்டு இறங்கினான்?

இன்றைக்கு நானே பார்த்துவிடப் போகிறேன். இவரிடம் சொல்லவில்லை. இவர் என்றால் யோகுவின் அப்பா, பம்ப் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், பஸ்ஸின் பின்பக்கம் ஆண்களோடு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இடது கண்ணில் புரை, சுங்கத்தில் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இத்தனை மாதமும் எங்கே போவதானாலும் சுற்றிக்கொண்டு வேறு ரோட்டில்தான் போனோம், இந்தத் திருச்சி ரோட்டுப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. காலையில் செருப்பு மாட்டும்போது, "இன்னைக்கு நேர் பஸ்ஸுலயே போயிரலாங்க" என்றேன். இவர் பூட்டிய பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார், "சரி" என்றார். ஏன் என்று கேட்கமாட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனுஷன் என்னைக் கேட்ட கேள்விகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் பாதி "சாவி எங்க?"தான். யோகு போன பிறகு புதிதாக ஒரு பழக்கம், வியாழக்கிழமை ஆனால் காலையில் லைப்ரரிக்குப் போகிறேன் என்று கிளம்புகிறார். லைப்ரரி! மருந்துச் சீட்டைக்கூட என்னிடம் நீட்டிப் படிக்கச் சொல்கிற ஆள். "என்ன புஸ்தகம் படிச்சீங்க?" என்றால் "பேப்பர்தான்" என்பார். வீட்டுக்கு வருகிற பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடக்கும். உட்கார்ந்து அழ ஓர் இடம் தேடிக்கொண்டார் போல, போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குச் சமையலறை இருக்கிறது, அவருக்கு என்ன இருக்கிறது? கண்டக்டர் வந்து "எங்கம்மா?" என்றார். "சுங்கம்" என்றேன். பெண்களுக்கு இலவச டிக்கெட்தானே, நடுவில் இறங்கினால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

இந்தப் பஸ்ஸில் அவன் எங்கே உட்கார்ந்திருப்பான்? ஆண்கள் பக்கம்தான், ஆனால் இடதா வலதா? இடது பக்கம் என்றால் கடைகள், வலது பக்கம் என்றால் எதிரே வருகிற வண்டிகள். எனக்கு அங்கே போய் உட்கார்ந்து பார்க்கக்கூட முடியாது, பக்கத்தில் பூக்கூடை வைத்திருக்கிற அம்மாள் என்ன நினைப்பாள்? எதையும் உள்ளே புகுந்து பார்க்கிற பிள்ளை அவன். ஆறு வயதில் குக்கர் விசிலைக் கழற்றி அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து, பிறகு அது மாட்டவே இல்லை. பெரியவனாகி கம்ப்யூட்டரில் பம்புக்குப் படம் போடுகிற வேலை. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவைக் கேட்டான், "ஏப்பா, இத்தனை வருஷம் பம்பு மாட்டுனீங்களே, உள்ள தண்ணி எப்படித் திரும்புதுன்னு எப்பவாச்சும் யோசிச்சிருக்கீங்களா?" இவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "மாட்டுனா ஓடும், அவ்வளவுதான் தெரியும்" என்றார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ரசம் ஒழுகின விரலால் மேஜையிலேயே படம் போட்டுக் காட்டினான். நான் துடைக்க வந்தபோது இவர் என் கையைப் பிடித்து, "இரு, காயட்டும்" என்றார். அந்தப் படம் எப்படி இருந்தது? வட்டம், அதற்குள் வளைவு வளைவாக ஏதோ. சரியாக நினைவில்லை. நினைவில்லையே என்று பதறுகிறது. இன்னும் என்னவெல்லாம் இப்படிப் போகப்போகிறதோ.

ஒருவேளை பெண்ணாக இருக்குமோ? இருந்திருக்கட்டும் என்று எத்தனை சாமியிடம் வேண்டிக்கொண்டேன். போய்விட்ட மகனுக்கு ஒரு காதல் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டுகிற தாய் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கருமாதிக்கு ஆபீஸிலிருந்து வந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். ஒருத்தி மட்டும் தேம்பித் தேம்பி அழுதாள், இவள்தான் என்று எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "யோகு சார் என் பையனுக்கு வாரா வாரம் கணக்குச் சொல்லிக் குடுப்பாருங்கம்மா" என்றாள். பையன் ஏழாவது படிக்கிறானாம். சிகரெட்டா? தோய்க்கப் போடும் முன் ஒவ்வொரு சட்டையையும் மோந்து பார்த்தவள் நான், வேர்வையும் பஸ்ஸும்தான் அடிக்கும். பஸ்ஸில் கூட்டமாக இருந்திருக்கும், அதனால் இறங்கியிருப்பான் என்றார் இவர். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவிடவில்லை. என் தம்பிதான், ஆறுதல் சொல்கிறேன் என்று வந்து, "நெஞ்ச அடைச்சிருக்கும்க்கா, காத்து வேணும்னு எறங்கியிருப்பான்" என்றான். சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு அது ஒரு வாக்கியம். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

ஏனென்றால் அந்த ரிங். யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூட. யோகு ஈரோட்டில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரமே போட்ட சட்டம் அது. "அம்மா, ஒரு ரிங் விட்டு வெச்சா நான் போய்ச் சேந்துட்டேன்னு அர்த்தம். நீ எடுக்கக் கூடாது. மூணு ரிங்குக்கு மேல போனா மட்டும் எடு." பிறகு வேலைக்கு வந்து, வீட்டிலிருந்தே போய்வர ஆரம்பித்த பிறகும் அதே சட்டம்தான். "பேசுனாத்தான் என்னடா?" என்றால், "பேசுனா நீ சாப்ட்டியா, தண்ணி குடிச்சியா, பஸ்ஸுல சீட் கெடச்சுதான்னு ஆரம்பிப்ப" என்பான். ஒருதடவை கை தவறி எடுத்துவிட்டேன், சாயங்காலம் வந்து ஒரு பாட்டம் கத்தினான். அதற்கப்புறம் கையை அடக்கப் பழகிக்கொண்டேன். காலையில் ஒரு ரிங் வரும், நின்றுவிடும், சேர்ந்துவிட்டான், அடுத்த வேலை. அன்றைக்கும் வந்தது. நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவில் ஒரே ஒரு ரிங். "சேந்துட்டான்" என்று வாய்விட்டே சொன்னேன், அடுப்பிடம். எட்டு நாற்பத்தொன்று என்று போனில் நிற்கிறது. என்னுடையது பட்டன் போன், ஒரு நம்பருக்கு ஒரு வரிதான் வைத்துக்கொள்ளும், அதனால் மற்ற நாட்களில் எத்தனை மணிக்கு வந்தது என்று பார்க்க வழியில்லை. கடிகாரம் பார்த்து வைத்தவளா நான்? அவன் போன் விழுந்ததில் நொறுங்கிவிட்டது. எட்டு நாற்பத்தொன்றுக்கு அவன் மில் கேட்டில் இருந்திருக்கிறான். ஆபீஸ் போய்ச் சேரவே இல்லை. சேராதவன் எதற்கு ரிங் விட்டான்?

அம்மா என்று கூப்பிட்டிருந்தால்? மூன்று ரிங் வரைக்கும் போனைப் பிடித்துக்கொள்ள விரலில் பலம் இல்லாமல் போயிருந்தால்? ஒரு ரிங் எவ்வளவு நேரம் என்று வீட்டில் சோதித்துக்கூடப் பார்த்தேன். என் போனிலிருந்து இவர் போனுக்கு அடித்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினேன். நாலாவது எண்ணில் நின்றுவிடும். மறுபடி அடித்தேன், மறுபடி எண்ணினேன். இவர் குளித்துக்கொண்டிருந்தவர் காதில் சோப்பு நுரையோடு ஓடி வந்து, "யாரு, யாரு?" என்றார். "ராங் நம்பர்" என்றேன். நாலு எண்ணுகிற நேரத்தில் ஓர் ஆளுக்கு எவ்வளவு வலிக்கும்? நான் எடுத்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? சூலூரில் கரண்டியோடு நிற்கிறவள் என்ன செய்துவிட முடியும்? ஒன்றும் முடியாது. ஆனால் என் குரலாவது அவன் காதில் விழுந்திருக்குமே. "யோகு, என்ன கண்ணு?" என்று கேட்டிருப்பேனே. போனைப் பார்த்துக்கொண்டே எடுக்காமல் நின்றவள் நான். சட்டம் என்ன சட்டம், பெரிய சட்டம்.

சாப்பாட்டையும் சேர்த்து யோசிக்கிறேன். ஆறு இட்லி சாப்பிடுகிற பிள்ளை, கடைசி எட்டு மாதம் மூன்றோடு எழுந்துவிடுவான். "போதும்மா, வயிறு ரொம்பிருச்சு." உடம்பு அப்போதே சொல்லியிருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. டாக்டரிடம் இதையும் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையம்மா என்றார், ஆனால் சொல்லும்போது கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இருகூர் பிரிவு போய்விட்டது. ஒண்டிப்புதூரில் ஒரு கூட்டம் ஏறி, பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி கேட்காமலேயே தன் பையை என் மடியில் வைத்தாள். கனமாக இருக்கிறது, நல்லதுதான், காலை ஒரு இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இறங்கிவிடு என்று ஒரு மனசு சொல்கிறது, பேசாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போ என்று இன்னொன்று. அங்கே போய்ப் பார்த்து, வெறும் சுவர்தான் என்று ஆகிவிட்டால்? தம்பி சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிடும். காற்றுக்காக இறங்கியிருக்கிறான், சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறான். தெரியாமல் இருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அவனைப் பெற்றவளுக்கு அவன் புத்தி கொஞ்சம் இருக்காதா? விசிலைக் கழற்றிப் பார்த்தால்தான் மனசு ஆறும். சிங்காநல்லூர் தாண்டியதும் பையை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். இவரிடம் என்ன சொல்வது, தலை சுற்றுகிறது என்று சொல்லலாமா என்று யோசித்தபடி திரும்பிப் பார்க்கிறேன், இவர் எனக்கு முன்னாலேயே எழுந்து பின் படிக்கட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்கத் தயாராக நிற்கிறார்.

பஸ் எங்களை இறக்கிவிட்டுப் போனது. டிக்கெட்டை எப்போதும் வாட்ச் பட்டையில் மடித்துச் செருகி வைக்கிற மனுஷன், அதை எடுத்துக் கசக்கிக் கீழே போட்டார். "நீங்க எங்கேன்னு டிக்கெட் எடுத்தீங்க?" என்றேன். "மில் கேட்டுன்னுதான்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவர் இருந்தது, எல்லாரும் சொன்ன மாதிரி நீளமாக, போஸ்டர் ஒட்டி ஒட்டித் தடித்துப்போய். அதை ஒட்டி, மூடிக்கிடந்த பெரிய கேட்டுக்கு முன்னால் ஒரு தள்ளுவண்டி. இரண்டு பெரிய பானை, சிவப்புத் துணி சுற்றினது. நாலு ஸ்டூல். கம்மங்கூழ் வண்டி. யாரும் இதைச் சொல்லவில்லையே? சுவரைப் பற்றிச் சொன்னவர்களுக்கு ஒரு கூழ் வண்டி கண்ணில் படவில்லையா? வண்டிக்குப் பின்னால் என் வயதுள்ள ஒரு பெண், சின்ன வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, இவரைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள். "வாங்ண்ணா! ஏனுங், இன்னைக்குத் திங்கக்கெழமையாச்சுங்களே?"

வியாழக்கிழமை. லைப்ரரி. நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். ரசக்கறைப் படத்தைத் துடைக்கவிடாமல் கையைப் பிடித்தபோது இருந்த அதே முகம். "இது அங்காத்தா. ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுனது இவங்கதான்" என்றார். பிறகு அவளிடம், "இது யோகு அம்மா." கத்தி பலகையில் நின்றது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வெங்காய வாசம். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். "எத்தன நாளா வர்றீங்க?" என்று இவரைக் கேட்டேன். "வருஷம் ஒண்ணாகுது." "எங்கிட்ட ஏன் சொல்லல?" அவர் சுவரில் ஒட்டியிருந்த ஒரு கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைப் படிக்கிற மாதிரி நின்றார். "எப்படிச் சொல்றது? நீ விடியக்காலைல எந்திரிச்சு இட்லி சுட்டு வெக்கிறே. அவன் மூணோட நிறுத்திட்டு இங்க வந்து கூழு குடிச்சிருக்கான். எட்டு மாசமா. கேட்டா உனக்கு வருத்தமா இருக்கும்னுதான்."

சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரிப்புதான் முதலில் வந்தது. மூன்று இட்லியை நான் நோய் என்று நினைத்து எத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டேன், அது கூழுக்கு விட்ட இடம். இந்த மனுஷனோ, செத்த மகன் இட்லியைக் குறைத்தது எனக்குத் தெரிந்தால் மனசு நோகும் என்று ஒரு வருஷமாக லைப்ரரிக்குப் போயிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பிள்ளையை, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தேடியிருக்கிறோம். அங்காத்தாள் பேச ஆரம்பித்தாள். பெரிய சொம்புதான் வாங்குவானாம். வெங்காயம் தூக்கலாக. கூழ் ஏன் புளிக்கிறது என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்து, ஒருநாள் சின்ன டப்பாவில் கொஞ்சம் மாவு கேட்டு வாங்கிப் போனானாம். இவர் தலையாட்டிக்கொண்டே நின்றார், இதெல்லாம் அவருக்கு மனப்பாடம் போல. ஆனால் ஒன்று மட்டும் இவர் கேட்டிருக்க முடியாது, ஏனென்றால் இவருக்கு அது தெரியாது. சுவரைப் பார்த்தேன், என் கையைப் பார்த்தேன். கேட்காமல் எழுந்து போய்விடலாம், அடுத்த பஸ் வரும், கண்ணைக் காட்டலாம். கேட்டுவிட்டேன். "அன்னைக்கு அவன் போன் பண்ணுனானுங்களா? எனக்கு?"

"எந்தப் போனுங்க, அந்த ஒரு ரிங்குங்களா?" என்றாள் அங்காத்தாள். "அது தெனமும் பண்றதுதானுங்க்கா. பஸ்ஸுல இருந்து எறங்கையிலயே பண்ணிருவான். ஒரே ரிங்கு, உடனே வெச்சிருவான். அன்னைக்கும் அப்படித்தான் சிரிச்சுட்டே பண்ணிப்போட்டுத்தான் உக்காந்தான். அரைச் சொம்பு குடிச்சான். இன்னொரு மொளகா குடுங்கன்னான். நான் எடுக்கத் திரும்புனேன்." அவள் மிளகாய் டப்பாவை மூடி வைத்தாள். "ஒரு சத்தமில்லீங்க்கா. வலின்னு ஒரு வார்த்தை சொல்லல" என்றாள். இவர், "என்ன போன்? என்ன ரிங்கு?" என்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைக் கூப்பிடவில்லை. அவன் என்னைக் கூப்பிடவில்லை. பதினாலு மாதமாக ஒரு பாறாங்கல்லைச் சுமந்துகொண்டிருந்தேன், அது அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் எங்கேயோ இறங்கிவிட்டது. அங்காத்தாள் ஒரு சொம்பு கூழை என் கையில் கொடுத்து, மேலே ஒரு மோர்மிளகாயும் வைத்தாள். "நான் கூடக் கேப்பனுங்க, ஏஞ்சாமி, அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசுனாத்தான் என்னன்னு. அதுக்கு, எங்கம்மா நான் ஆபீஸ் போயிட்டேன்னு நெனச்சுட்டு இருக்கும், பேசுனா மொளகா கடிக்கிற சத்தம் கேட்டிரும், அப்புறம் மூணு இட்லி ஏன் மிச்சம்னு புடிச்சிக்கும்பான்."

கூழைக் குடித்தேன். புளிப்பும் குளிர்ச்சியுமாக நன்றாகத்தான் இருந்தது. என் இட்லியைவிட நன்றாக இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம். போக்கிரி. தினம் தினம் பொய். ஆபீஸுக்கு இன்னும் இரண்டு ஸ்டாப் இருக்கிறது, இங்கே ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சேர்ந்துவிட்டேன் என்று ரிங். நான் அதை நம்பி அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் போனதிலிருந்து அவன்மேல் எனக்கு ஒருநாள்கூடக் கோபம் வந்ததில்லை, சாமிமேல் வந்தது, டாக்டர்மேல் வந்தது, என்மேல் வந்தது, இப்போதுதான் அவன்மேல் வருகிறது, முன்பெல்லாம் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போவானே, அப்போது வருகிற மாதிரி. மிளகாயைக் கடித்தேன். காதே அடைக்கிற மாதிரி நொறுங்கியது. இவர் என் தோளைத் தொட்டு, "என்ன, என்ன ஆச்சு?" என்றார். ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது, நாலு பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும். "கடிக்கிற சத்தம் கேட்டாக் கேக்கட்டுமேடா" என்றேன் சத்தமாக. "ஒரு வார்த்தை பேசியிருக்கலாமல்லடா."